வரைவிலக்கணமா வணிகம்?

உயர்தர வகுப்பிற்குத் துறை தெரிவு செய்யும் நாளில் எமது பாடசாலைகளில் ஒருவகை வருணாச்சிரமம் இன்றும் கோலோச்சுகின்றது. விஞ்ஞானமும் கணிதமும் உயர்குலம். அவற்றிற்குத் தேறாதோர் என முத்திரை குத்தப்பட்டோர் வர்த்தகப் பிரிவிற்கு அனுப்பப்படுவர். "மகன் கொமேர்ஸ்தான் படிக்கிறான்" என்று கூறும் பெற்றோரின் குரலில் துக்க வீட்டின் சாயல் தொனிப்பதை யார் அறியார்?

ஆயினும் பெற்றோரை மாத்திரம் நோவதிற் பயனில்லை. வணிகக் கல்வியை இகழத்தக்க பாடமாக ஆக்கியோர் அதனைக் கற்பிக்கும் நாமே. பங்குடைமை, கம்பனி, காப்புறுதி, வங்கி, முகாமைத்துவம் என விரியும் ஒரு பாடம் வரைவிலக்கணக் கோவையாகச் சுருங்கிவிட்டது. பங்குடைமையின் அனுகூலங்கள் நான்கு தருக எனில் மாணவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பான். (ஐந்தாவதைக் கேட்டால், ரியூட்டரிக் குறிப்பில் இல்லை என்பான்.)

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் ஊர்தோறும் புகுந்தன. 50,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீத வட்டியிற் கடனாகப் பெற்று, 12 சம மாதத் தவணைகளிற் செலுத்தும் பெண்ணொருத்தி 62,000 ரூபா திருப்பிக் கொடுக்கின்றாள். அவள் மாதந்தோறும் முதலிற் பகுதியை அடைத்துவருகின்ற போதிலும், வட்டியோ முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதற்குமே கணிக்கப்படுகின்றது. எனவே, உண்மை வட்டி 40 வீதத்தையும் தாண்டும். இவ்வாறான கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என 2018 டிசம்பரில் மத்திய வங்கி உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. அதற்குள் கடனை அடைக்கக் கடன் பெற்றோர் பலர்.

இக்கணக்கு உயர்தர மாணவனின் அறிவுக்கு எட்டாததன்று. நான் முன்னர் கற்பித்த மாணவி ஒருத்தி வட்டி பற்றிய வினாவிற்கு முழுப் புள்ளியும் பெற்றாள். அதே காலத்தில் அவளது வீட்டு முற்றத்தில் தவணை வசூலிக்க வந்தவரிடம் தாய் மன்றாடிக்கொண்டிருந்தாள். அவ்விரண்டும் ஒரே பொருள் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. தவறு என்னுடையதே.

"இவை பரீட்சைக்கு வாரா" என்பர் ஆசிரியர். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை ஒற்றியையும் அடகையும் வட்டியையும் பற்றிப் பேசுகின்றது. அன்று எழுதிவைக்கத் தக்கதெனக் கருதப்பட்டதை, இன்று நாம் வகுப்பறை வாசலில் நிறுத்திவிட்டோம். சீட்டுப் பிடித்தலும், நகை அடகும், சந்தைத் தரகும் வணிகமல்லாமல் வேறென்ன?

ஆசிரியர் கூற்றில் ஓர் உண்மையும் உண்டு. பரீட்சை மாறாமல் வகுப்பறை மாறாது. வினாத்தாள் ஆக்குவோருள் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் உளர். அவர்களுட் சிலர் இக்கட்டுரையை வாசிக்கவுங் கூடும். அவர்களிடம் கேட்பது ஒரேயொரு வினாவையே: கடன் அட்டை ஒன்றைத் தந்து, உண்மை வட்டியைக் கணித்து, கடன் பெறவிருப்பவருக்கு ஆலோசனை எழுதுமாறு பணியுங்கள். அடுத்த ஆண்டே ரியூட்டரிகளும் அதனைக் கற்பிக்கத் தொடங்கிவிடும்.