பழி எல்லாம் பேட்டரி மேலே

காலையில் செல்ஃப் எடுக்காத கார் பட்டறைக்கு வந்து நின்றதும் நம் வாயில் முதலில் வருவது "பேட்டரி போச்சு சார்" என்பதுதான். பலமுறை அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. நம் ஊர் வெயில் அப்படி. சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரிக்குள் தகடு அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் பிடிக்கும். சேதம் அக்னி நட்சத்திரத்தில் நடக்கும். புகார் ஐப்பசி மழையில், ஹெட்லைட்டும் வைப்பரும் ஏசியும் சேர்ந்து ஓடும் நாட்களில் வரும். அதனால் அளக்காமல் சொன்னதும் பலித்துவிடுகிறது. பலித்துப் பலித்தே மீட்டரை எடுக்கும் பழக்கம் கைவிட்டுப் போகிறது.

இங்கே பேச வேண்டியது பலிக்காத கார்களைப் பற்றி. புது பேட்டரி போட்டு நாலைந்து மாதத்தில், "அண்ணே, திரும்பவும் அதே கதைதான்" என்று வாடிக்கையாளர் வந்து நிற்கிற கார்கள். பேட்டரியை வாரண்டிக்கு அனுப்பினால் சார்ஜ் ஏற்றிச் சோதித்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மெக்கானிக் கம்பெனியைத் திட்டுகிறார். வாடிக்கையாளர் மெக்கானிக்கைத் திட்டுகிறார்.

நடந்தது என்னவென்று யோசித்துப் பாருங்கள். பழைய பேட்டரியைக் கழற்றும்போது டெர்மினலில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினோம், கிளாம்பின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம், நட்டை இறுக்கினோம். எத்தனையோ கார்களில் வைத்தியம் அங்கேயே முடிந்துவிட்டது. பேரைப் புது பேட்டரி வாங்கிக்கொண்டது. வேறு சில கார்களில் கோளாறு கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையில் இருக்கும். முழுச் சார்ஜில் வந்த புது பேட்டரி அந்தத் தடையையும் மீறிக் கொஞ்ச நாள் செல்ஃபை இழுத்துவிடும். பட்டை இன்னும் கொஞ்சம் அரித்ததும் பழைய முனகல் திரும்பிவிடும்.

கரண்ட் ஓடாதபோது அளக்கும் வோல்டேஜ், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இப்போதுதான் ஓடி வந்து நின்ற கார் 13 காட்டினால் அது மேலோட்டமான சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அளந்தால் உண்மை தெரியும். மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் மூடியில் உள்ள பச்சைக் கண்ணைப் பார்த்தே நற்சான்று கொடுக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அந்தக் கண் ஆறு செல்லில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்துக் கிடந்தாலும் அது பச்சையாகவே இருக்கும்.

தீர்ப்பு செல்ஃப் சுற்றும்போதுதான் கிடைக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துவிட்டு, மீட்டர் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்து, பையனைச் சாவி போடச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக உள்ள சிறிய பெட்ரோல் காரில் பெரும்பாலும் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 9.6-க்குக் கீழே இறங்கினால் சந்தேகம் பேட்டரி மேலும் செல்ஃப் மோட்டார் மேலும் சமமாக விழுகிறது. இரண்டையும் பிரிக்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் இதற்கு உதவாது. அந்த வகைக் காருக்கு வழக்கமான ஆம்பியர்தான் ஓடுகிறது, வோல்டேஜ் மட்டும் சரிகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். வழக்கத்தைவிட மிக அதிகமாக ஆம்பியர் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறதா, எஞ்சினே இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நிலையில் புது பேட்டரி போடுவது வீண் செலவு.

மூன்றாவது நிலைதான் நாம் அதிகம் தவறவிடுவது. கம்பத்தில் 11 வோல்ட் கம்பீரமாக நிற்கிறது, செல்ஃபோ முனகுகிறது. ஆம்பியரும் குறைவு. பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில் யாரோ மறிக்கிறார்கள். இங்கே ஓம் மீட்டரை எடுக்காதீர்கள். 150 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போகும். நம் மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் கன்டினியூட்டி பீப் அடிக்கும். அந்த ஒற்றை இழையில் செல்ஃப் சுற்றாது. மீட்டரை வோல்ட்டிலேயே வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் தொட்டுக்கொண்டு சுற்ற விடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃபின் மெயின் போல்ட் வரை சோலினாய்டையும் சேர்த்து 0.5 வரை பொறுக்கலாம். அளவு மீறினால் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே வோல்டேஜ் சட்டென்று தாவுகிறதோ அங்கேதான் ஸ்பேனருக்கு வேலை. ஒரு ரூபாய் பொருள் வாங்காமல் பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. இருந்தும் ஏன் பலர் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பேட்டரி டெஸ்டர் வாங்கிவிட்டதால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிசிஏ எண்ணும் ஜிஸ், டின், இஎன் என்ற தர வகையும் சரியாகக் கொடுத்தால்தான் டெஸ்டர் சொல்வது சரி. முந்தைய காருக்கு வைத்த எண்ணிலேயே அடுத்த காரையும் சோதிப்பது தினமும் நடக்கிறது. "சார்ஜ் செய்து மீண்டும் சோதிக்கவும்" என்று டெஸ்டர் சொன்னால் அதைச் செய்ய வேண்டும். அதைப் படித்துவிட்டு பேட்டரியை மாற்றச் சொல்வதற்கு டெஸ்டரே வேண்டாம்.

சார்ஜிங் பக்கம் காலம் மாறிவிட்டது. நாம் இன்னும் டைனமோ என்றே அழைக்கும் ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.5 வரை கொடுத்தால் நல்லது என்ற பழைய கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. இசியூ கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டர் உள்ள புதிய கார்களில், பேட்டரி நிறைந்திருந்தால் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும். மீட்டர் 12.8 காட்டும். அதைப் பார்த்து நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போட்டு வோல்டேஜ் எழும்புகிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் இருந்தால் இசியூ என்ன கேட்கிறது என்றும் பாருங்கள். நெகட்டிவ் டெர்மினலில் சென்சார் உள்ள வண்டியில் சார்ஜரின் கறுப்புக் கிளிப்பைக் கம்பத்தில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிய சார்ஜ் கம்ப்யூட்டர் கணக்கில் வராது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒருமுறை அளப்பதும் நல்லது. 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கலாம். டயோடு கசிந்தால் பகலில் சார்ஜ் குறையும், இரவில் அதே வழியாகப் பேட்டரியும் வடியும்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கலை, டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். அம்பாசடர் காலத்து வண்டியில் அது செல்லுபடியாகியிருக்கலாம், கெடுவதற்கு அதில் கம்ப்யூட்டர் இல்லை. ஆல்டர்னேட்டர் முழு லோடில் இருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், உள்ளே தடுப்பு இல்லாத அமைப்பில் வோல்டேஜ் ஒரு கணத்துக்கு 80-ஐத் தாண்டித் துள்ளக்கூடும். இசியூ, ஏபிஎஸ், ஏர்பேக் மாட்யூல் எல்லாம் அதே லைனில்தான் இருக்கின்றன. பேட்டரிக் கம்பங்களை ஒயரால் உரசிப் பொறி பார்க்கிற பழக்கமும் இதே ரகம். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கும். கண்ணுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரவில் வடியும் கார்களுக்கு 50 மில்லி ஆம்பியர் என்ற வரம்பை எல்லோரும் அறிவோம். ஆனால் கதவைப் பூட்டிய பிறகு மாட்யூல்கள் தூங்க 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பொறுமை இல்லாமல் அளந்து நல்ல ஒயரிங்கைக் கிழிக்க வேண்டாம். முதலில் பின்னால் மாட்டிய ஜிபிஎஸ், டேஷ் கேமரா, மியூசிக் சிஸ்டம் ஆகியவற்றின் ஒயரைத் தேடுங்கள்.

பேட்டரி விற்றால் கமிஷன் உண்டு. எர்த் பட்டையைச் சுத்தம் செய்தால் டீக்காசுதான் மிஞ்சும் என்ற பேச்சு நம் வட்டாரத்தில் இருக்கிறது. நியாயமான மனக்குறைதான். ஆனால் அதற்கு வழி, தேவையில்லாத பேட்டரியைத் தள்ளிவிடுவது ஆகாது. சோதனைக்குத் தனியாகக் கூலி வாங்குங்கள். நிற்கும்போது வோல்டேஜ், சுற்றும்போது வோல்டேஜும் ஆம்பியரும், எர்த் பக்க இழப்பு, லோடில் சார்ஜிங் வோல்டேஜ் ஆகியவற்றைத் தேதியோடு பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுகிற வாடிக்கையாளர் குறைவு. வாரண்டி கவுன்டரிலும் அந்தத் தாள் உதவும். ஆறு மாதம் கழித்து அதே கார் திரும்பி வந்தால் எந்த எண் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டு, அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.