82 நிமிஷம் கொஞ்சம் ஜாஸ்திதான் தல!

டிஸ்கி: இது ஹெவி மெட்டல் பற்றிய பதிவு. சத்தம்னாலே அலர்ஜி என்பவர்கள் இங்கேயே அப்பீட் ஆகிக்கொள்ளலாம். இருந்து படிப்பவர்களுக்கு நடுவில் இளையராஜா வருவார், கடைசியில் ஆபீஸ் வரும். :)

2021 செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை. கொரோனா புண்ணியத்தில் வீட்டிலிருந்தே ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த காலம். காலையில் ஷில்லாங்கிலிருந்து போன். பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் மூணு வருஷம் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"கேட்டியா?"

"பாதி கேட்டிருக்கேன்."

"மீதியைக் கேக்காதே. முடிஞ்சு போச்சு. இவங்க ரிடையர் ஆகலாம்."

(அவன் பேசியது இந்தியும் இங்கிலீஷும் கலந்த பாஷை. தமிழ்ப்படுத்தல் அடியேன்.)

பேச்சு அயர்ன் மெய்டன் அன்றைக்கு வெளியிட்ட 'சென்ஜுட்சு' ஆல்பம் பற்றி. அவர்களுடைய 17-வது ஸ்டூடியோ ஆல்பம். 10 பாட்டு, கிட்டத்தட்ட 82 நிமிஷம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அறுபது வயசுக்கு மேல ஒரு மனுஷன் புதுசா பாட்டுப் போட்டுப் பாடுறான், உனக்கு நாற்பதுலயே மாடி ஏறினா மூச்சு வாங்குது, நீ பேசறியா?" என்று எகிறினேன். அவன் போனை வைத்துவிட்டான். அதற்கப்புறம் ரெண்டு மாசம் பேச்சு கிடையாது. ஒரு ஆல்பத்துக்காக!

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

இந்த பேண்டை எனக்கு அறிமுகப்படுத்தியது பர்மா பஜாரில் வாங்கின ஒரு எம்.பி.3 சி.டி. காலேஜ் லீவுக்கு ஊருக்குப் போனபோது சத்தமாகப் போட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா கேட்டது: "ஏல, அவனுக்கு என்னல செய்யுது, இப்படிக் கத்துதான்?" திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தருக்கு உடம்பு முடியாவிட்டால்தான் 'என்ன செய்யுது' என்று கேட்பார்கள். ப்ரூஸ் டிக்கின்ஸன் குரலுக்கு இதைவிட அக்கறையான விமர்சனம் இதுவரை நான் படித்ததில்லை.

அப்புறம் பொட்டி தட்ட பெங்களூரு வந்தாச்சு. 2007 மார்ச் 17. பேலஸ் கிரவுண்ட்ஸ். அயர்ன் மெய்டன் முதல் முறையாக இந்தியாவில். மேக்ரி சர்க்கிளிலிருந்தே கறுப்பு டி-ஷர்ட் கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள், வடகிழக்கிலிருந்து ரயிலில் நாட்கணக்கில் உட்கார்ந்து வந்தவர்களை நானே பார்த்துப் பேசினேன். நானும் ஷில்லாங்காரனும் மதியத்திலிருந்தே வெயிலில் காய்ந்தோம். நள்ளிரவில் தொண்டை போய், காது அடைத்து ரூமுக்கு வந்து டி.வி.யைப் போட்டால், உலகக் கோப்பையில் இந்தியா 191-க்குச் சுருண்டு வங்கதேசத்திடம் தோற்றுக்கொண்டிருந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் கொஞ்சம்கூட வருத்தம் வரவில்லை. தேசத் துரோகிகள்!

இந்த ரெண்டு பேர்தான் 14 வருஷம் கழித்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'சென்ஜுட்சு' வந்தபோது ரசிகர்கள் மூணு கட்சியாகப் பிரிந்தார்கள்.

முதல் கட்சி, "1988-க்கு அப்புறம் என்னய்யா இருக்கு?" கட்சி. இவர்களுக்கு 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்'னோடு உலகம் முடிந்துவிட்டது. ரெண்டாவது, "தல எது பண்ணாலும் சரி" கட்சி. ஸ்டீவ் ஹாரிஸ் தும்மினாலும் அதை பேஸ் கிதாரில் வாசித்துப் பார்ப்பார்கள். மூணாவது நமக்கு நல்லாத் தெரிஞ்ச கட்சி: "கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்". ரஹ்மான் பாட்டுக்கு முப்பது வருஷமாக நாம் சொல்லிவரும் அதே வசனம்.

மூணு கட்சியிலும் ஒரு பொதுவான குறை எனக்குத் தெரிகிறது. யாரும் பாட்டைப் பாட்டாகக் கேட்கவில்லை. முதல் கட்சி தன்னுடைய இருபது வயசைத் திரும்பக் கேட்கிறது. ரெண்டாம் கட்சி விசுவாசத்தைக் காட்டுகிறது. மூணாம் கட்சி முடிவைத் தள்ளிப் போடுகிறது. அன்றைக்கு நான் ரெண்டாம் கட்சி. பாதிதான் கேட்டிருந்தேன் என்பதைக் கவனிக்கவும். கேட்காத பாதிக்கும் சேர்த்துத்தான் சண்டை போட்டேன்.

இப்போது ஆற அமரப் பல தடவை கேட்டபின் சொல்கிறேன். இந்த பேண்டுக்குப் புதுசு செய்ய உரிமை இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2006-ல் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' வந்தபோது அந்தப் புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மேடையில் அப்படியே வாசித்தார்கள். "பழசைப் போடுங்க" என்று கூட்டம் கத்தியது. அசரவில்லை. 2023 டூரில் 'சென்ஜுட்சு'விலிருந்து ஐந்தாறு பாட்டு வாசித்தார்கள். 'ரன் டு த ஹில்ஸ்' இல்லை, 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' இல்லை. அதற்குப் பதிலாக, 1986-ல் பதிவு செய்து அதுவரை ஒரு முறைகூட மேடையில் வாசிக்காத 'அலெக்ஸாண்டர் த கிரேட்'டை எடுத்துப் போட்டார்கள். சினிமாவில் நடிகர் ஒருத்தர் தன் பழைய பஞ்ச் டயலாக்கையே பேசாமல் ஒரு படம் முழுக்க நடிப்பது மாதிரி. தில் வேண்டும்.

ஆல்பத்திலும் சரக்கு இருக்கிறது. 'த ரைட்டிங் ஆன் த வால்' பாலைவன மண் வாசனையோடு ஆரம்பிக்கும். ஏட்ரியன் ஸ்மித்தின் கிதார் சோலோ அவருடைய நல்ல சோலோக்களில் ஒன்று. 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' நாலே நிமிஷம், கச்சிதம். கடைசிப் பாட்டு 'ஹெல் ஆன் எர்த்' 11 நிமிஷம் ஓடினாலும் ஒரு நிமிஷத்தையும் எடுக்க முடியாது. முதல் கட்சிக்காரர்கள் அதையாவது ஒரு முறை ஹெட்போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

ஆனால்...

'டெத் ஆஃப் த கெல்ட்ஸ்' வரும்போது 1998-ன் 'த க்ளான்ஸ்மேன்' ஞாபகம் வராதவர்கள் கையைத் தூக்கவும். மெதுவாக ஒரு பேஸ் ஆரம்பம், பிறகு வேகம், பிறகு மூணு கிதார்காரர்களும் வரிசையாக சோலோ, பிறகு திரும்பவும் அதே மெதுவான முடிவு. இந்த வீட்டு வரைபடத்தை ஹாரிஸ் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். 'சென்ஜுட்சு'வின் கடைசி மூணு பாட்டும் ஹாரிஸ் தனியாக எழுதியவை. ஒவ்வொன்றும் 10 நிமிஷத்துக்கு மேல். மூணும் சேர்த்து 34 நிமிஷம். மூணும் அடுத்தடுத்து! மூணு வேளையும் விருந்துச் சாப்பாடு மாதிரி.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தால் வயசு காரணமாகத் தெரியவில்லை. ரெண்டு காரணம் தோன்றுகிறது.

ஒன்று, தட்டு. 1980-களில் எல்.பி. ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு இருபத்துச் சொச்சம் நிமிஷம்தான் நன்றாகப் பதியும். அதற்கு மேல் திணித்தால் ஒலி மெலிந்துவிடும். அதனால் 1982-ன் 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' சுமார் 40 நிமிஷம், 1984-ன் 'பவர்ஸ்லேவ்' சுமார் 51 நிமிஷம். அந்த 51-லும் 13 நிமிஷத்துக்கு மேல் ஒரே பாட்டு, கோல்ரிட்ஜின் கப்பல்காரன் கவிதையை வைத்து. ஆக, நீளம் இவர்களுக்குப் புதுசில்லை. ஆனால் அப்போது ஒரு நீளமான பாட்டு வேண்டுமானால் இன்னொன்றை வெட்டியாக வேண்டும். சி.டி. வந்ததும் கட்டாயம் போயிற்று. 1995-ன் 'த எக்ஸ் ஃபேக்டர்' 70 நிமிஷத்தைத் தாண்டியது. 2015-ன் 'த புக் ஆஃப் சோல்ஸ்' 92 நிமிஷம்.

ரெண்டு, ஆள். 1981-ன் 'கில்லர்ஸ்' முதல் 1992-ன் 'ஃபியர் ஆஃப் த டார்க்' வரை தயாரிப்பாளர் பொறுப்பில் இருந்தவர் மார்ட்டின் பிர்ச். டீப் பர்ப்பிள் காலத்திலிருந்து வேலை பார்த்த ஆள். வயசிலும் அனுபவத்திலும் மூத்தவர். அவர் 1992-ல் ஓய்வு பெற்றார், 2020 ஆகஸ்டில் காலமானார். 2000 முதல் கெவின் ஷெர்லி தயாரிப்பாளர். ஆனால் கூடவே இணைத் தயாரிப்பாளராக ஹாரிஸ் பெயரும் இருக்கும். பாட்டு எழுதுபவரே, பேண்டை ஆரம்பித்தவரே, இது போதுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார். 1975-ல் கம்பெனி ஆரம்பித்த முதலாளியிடம் "அந்த இன்ட்ரோவை ரெண்டு நிமிஷம் குறைச்சுக்கலாமே" என்று யார் சொல்வது?

நம்ம ஊரிலும் இது நடப்பதுதான். 2012-ல் 'நீதானே என் பொன்வசந்தம்' பாட்டு வந்தபோது ராஜா ரசிகர்கள் பிரிந்து நின்று அடித்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். "பழைய ராஜா இல்லை" என்று ஒரு கூட்டம், "ராஜாவையே குறை சொல்றியா?" என்று இன்னொரு கூட்டம். அந்தப் பாட்டில் எந்த இடம் நன்றாக இருக்கிறது, எந்த இடம் தொய்கிறது என்று பேசியவர்கள் சொற்பம். மூத்த கலைஞனுக்கு ரசிகன் செய்யக்கூடிய பெரிய அவமரியாதை திட்டுவது இல்லை. கேட்காமலே பாராட்டுவதுதான்.

இப்போ ஆபீஸ்.

அந்தச் சண்டை நடந்து ஒரு மாசம் இருக்கும். ஒரு டிசைன் டாகுமெண்ட் எழுதி டீமுக்கு அனுப்பினேன். அறுபது பக்கம். எல்லாரும் "சூப்பர்" என்றார்கள். எங்கள் டீமில் அந்த வருஷம்தான் காலேஜ் முடித்துச் சேர்ந்த ஒரு பெண், ஹூப்ளிக்காரர், மீட்டிங் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "விஷயம் 23-ம் பக்கத்திலதான் ஆரம்பிக்குது. முதல் 22 பக்கம் வேணுமா?"

முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, கேமரா ஆஃப். இருபது வருஷ சர்வீஸ், எனக்கே சொல்லித் தருகிறாயா என்று உள்ளே ஒரு ஹாரிஸ் எழுந்து நின்றார். ராத்திரி திறந்து பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. முதல் 22 பக்கமும் நான் பல வருஷமாக எல்லா டாகுமெண்ட்டிலும் எழுதிவரும் அதே மெதுவான பேஸ் இன்ட்ரோ. "சூப்பர்" சொன்ன மற்றவர்கள் படிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் டீமிலும் ஒரு "தல எது பண்ணாலும் சரி" கட்சி இருந்திருக்கிறது.

ஷில்லாங்காரன் சொன்னது ஏன் எனக்கு அவ்வளவு வலித்தது என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. "ரிடையர் ஆகலாம்" என்பதை நான் ஹாரிஸுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். இந்தத் துறையில் நாற்பதைத் தாண்டியவன் தலைக்கு மேல் அந்த வார்த்தை எப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் "ரிடையர் ஆகு" என்பதற்கும் "22 பக்கம் வெட்டு" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது கதவைச் சாத்துவது. ரெண்டாவது, இன்னும் நீ எழுதுவாய் என்று நம்புபவர் மட்டுமே சொல்லக்கூடியது.

டாகுமெண்ட் 31 பக்கமாயிற்று. அப்புறம் ஷில்லாங்குக்கு நானே போன் போட்டேன். சண்டை வேண்டாம், ஆளுக்கு ஒரு லிஸ்ட் போடுவோம், 'சென்ஜுட்சு' பழைய எல்.பி. அளவில் வந்திருந்தால் எந்தெந்தப் பாட்டு இருக்கும் என்று. என்னுடையது ஆறு பாட்டு, 42 நிமிஷம். "முடிஞ்சு போச்சு" என்ற மகானுபாவன் போட்டது ஐந்து பாட்டு, 39 நிமிஷம். அதில் நான் முதல் ஆளாகத் தூக்கி எறிந்த 'த பார்ச்மெண்ட்' இருக்கிறது. ஆல்பத்திலேயே நீளமான பாட்டு, 12 நிமிஷத்துக்கு மேல்! "டேய், நீதானேடா நீளம்னு கத்தினே?" என்றேன். "இது நல்ல நீளம்" என்கிறான். ரெண்டு லிஸ்டிலும் பொதுவாக நாலு பாட்டு.

எங்களில் யார் வெட்டியது சரி என்று தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ரெண்டில் எது வந்திருந்தாலும் அந்த 82 நிமிஷத்தைவிட நல்ல ஆல்பம் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

2024 டிசம்பரில் ட்ரம்மர் நிக்கோ மெக்ப்ரெய்ன் டூரிலிருந்து ஓய்வு பெற்றார். 2023-ல் பக்கவாதம் வந்தும் திரும்பி வந்து வாசித்த மனுஷன். 2025-ல் பேண்டின் 50 வருஷக் கொண்டாட்ட டூரில் முதல் ஒன்பது ஆல்பங்களிலிருந்து மட்டுமே பாட்டு. 1992-க்கு அப்புறம் எதுவும் கிடையாது. முதல் கட்சி ஜெயித்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் 'ஹெல் ஆன் எர்த்' இல்லாதது உறுத்துகிறது.

இன்னொரு ஆல்பம் போடுங்கள் தல. கட்டாயம் கேட்பேன், இந்த முறை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சண்டை போடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டூடியோவில் ஒரு ஹூப்ளிப் பெண்ணை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு: இந்தப் பதிவும் நீளமாகிவிட்டது. தெரிகிறது. :)