மொழி தெரிந்த ஊழியரைச் சோதியுங்கள், அங்கீகரியுங்கள், அமர்த்துங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகள், தாலுகா அலுவலகங்கள், அரசு மருத்துவமனைகள், காவல் நிலையங்கள் ஆகியவற்றில் தமிழோடு இன்னொரு மொழியும் அறிந்த ஊழியர்களின் திறனை முறையாகச் சோதிக்க வேண்டும்; தேறியவர்களுக்குப் படி கொடுத்து, அந்தப் பொறுப்பில் அமர்த்த வேண்டும். இதுவே எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு.

நூற்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும் இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள் நம்மோடு உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அரசு அலுவலகப் படியேறினால், பெரும்பாலும் கூட வருவது காண்ட்ராக்டரின் ஆள். பிறப்புச் சான்றிதழ் வாங்க அது போதும். கூலி பாக்கி பற்றிப் புகார் கொடுக்க வந்தவருக்கு, அந்தக் கூலியைப் பிடித்து வைத்திருப்பவரே வாயாக நின்றால் என்ன பதிவாகும்? வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. புரியாத மொழியில் படித்துக் காட்டுவது அந்தப் பிரிவை நிறைவேற்றியதாகாது. மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. காவல் நிலையத்தில் பிழையாக எழுதப்பட்ட வாக்குமூலம் அங்கேதான் போய் நிற்கும்.

மருத்துவமனையில் ஆபத்து இன்னும் கூர்மையானது. திரைப்படம் பார்த்துப் பழகிய இந்தியை வைத்துக்கொண்டு, நல்ல மனதோடுதான், ஒருவர் மாத்திரை வேளையை விளக்குகிறார். அறுவை சிகிச்சை ஒப்புதலில் கைநாட்டு வாங்குகிறார். சரியாகச் சொன்னாரா என்று சோதிக்க அந்த இடத்தில் யாருமில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர் முழுமையாகத் தெரிந்தவர்போல் நடத்தப்படுவதைத்தான் எதிர்க்கிறோம். உதவ முன்வரும் ஊழியரை அல்ல.

ராஜபாளையத்துக்கு இது எளிதில் விளங்கும். ராஜுக்கள் உட்படப் பல குடும்பங்கள் தலைமுறைகளாக வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகின்றன. அவர்களில் பலர் தெலுங்கு எழுத்தைப் படிப்பதில்லை. சரளமாகப் பேசும் ஒருவரிடம் தெலுங்கில் எழுதிய ஆவணத்தை நீட்டினால் அவரால் உதவ முடியாது. எனவே பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கவுன்ட்டரில் வழிகாட்டப் பேச்சுத் திறன் போதும். வாக்குமூலம் எழுத மூன்றும் வேண்டும். இலக்கணக் கேள்வித்தாள் இதற்கு உதவாது. மருந்துச் சீட்டையும் குடும்ப அட்டை விண்ணப்பத்தையும் கையில் கொடுத்து விளக்கச் சொல்வதே சரியான தேர்வு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் உதவியைக் கேட்கலாம்.

இந்தியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறீர்களா என்று கேட்பவர்களின் கவலையை மதிக்கிறோம். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி அலுவலகக் கோப்பு தமிழில்தான் இருக்க வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2021 முதல் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமானதையும் வரவேற்கிறோம். ஆனால் அரசமைப்பின் 350-ஆவது பிரிவு, குறைதீர்க்கும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. தமிழ் மட்டும் அறிந்த நம் மக்கள் மும்பையிலோ சூரத்திலோ மருத்துவமனை வாசலில் நிற்கும்போது நாம் எதை எதிர்பார்க்கிறோமோ, அதையே இங்கும் கேட்கிறோம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழக அதிகாரிகள் இந்தியில் பேசித்தான் அவர்களின் அச்சத்தைத் தணிக்க வேண்டியிருந்தது.

இலங்கை 2007-இல் 7-ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் புதிய அரசு ஊழியர்களுக்கு இரண்டாவது ஆட்சிமொழித் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் தமிழில் சேவை கிடைக்கவில்லை என்ற குறை அங்கே இன்னும் ஓயவில்லை. சான்றிதழ் பெற்றவர் மக்கள் வரும் மேசையில் இல்லாவிட்டால் பயனில்லை. நாங்கள் கேட்பது கட்டாயமும் அல்ல. விரும்பி வருபவர்களைச் சோதித்தால் போதும். தேறாதவரின் பணிப்பதிவேட்டில் அது குறிக்கப்படக் கூடாது.

படி ஏன் என்றால், தன் சீட்டை விட்டு மொழிபெயர்க்க எழுந்து போகும் எழுத்தரின் கோப்புகள் தேங்குகின்றன; அதற்கான மெமோவும் அவருக்கே வருகிறது. மொழிபெயர்த்த நேரம் பணி நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும்.

முதற்கட்டமாக இரு ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் காவல் நிலையங்களிலும் தொடங்கலாம். அங்கே தேறிய ஊழியரின் பெயர், மொழி, பணி நேரம் வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும், அந்தந்த மொழியின் எழுத்திலேயே. புகார் கொடுப்பவரின் முதலாளியோ காண்ட்ராக்டரோ மொழிபெயர்க்கக் கூடாது என்று இரு ஊர்க் காவல் நிலையங்களுக்கும் இப்போதே எழுத்துமூலம் உத்தரவிடலாம். அதற்குத் தேர்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.