கவுன்சிலர் மிஸ் யார்கிட்ட பேசுவாங்க?

கவுன்சிலிங்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கட்-ஆஃப், சாய்ஸ் ஃபில்லிங், கடைசியில கிடைச்ச இந்தக் காலேஜ். நான் சொல்ல வந்தது வேற கவுன்சிலிங். ஸ்கூல்ல ஒரு சின்ன ரூம், ரெண்டு நாற்காலி, ஒரு மிஸ்.

வேடசந்தூர் பக்கம் நான் படிச்ச ஸ்கூல்ல அப்படி ஒருத்தங்க இருந்தாங்க. ப்ளஸ் டூ ரிவிஷன் டெஸ்ட்ல எனக்கு ஃபிசிக்ஸ் ஊத்திக்கிச்சு. வீட்ல சொல்ல பயம். அவங்க ரூம்ல உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். அட்வைஸ் எதுவும் பண்ணல, கேட்டாங்க. அன்னைக்கு அது போதும்.

எனக்கு மார்க் பிரச்சினை. சில பிள்ளைங்க வீட்டுல அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஸ்பின்னிங் மில்லுல மாறி மாறி ஷிஃப்ட். பேச ஆளே கிடையாது. எல்லாருக்கும் அதே ஒரு மிஸ். நடுவுல லீவு போட்ட டீச்சரோட கிளாஸ், சாயங்காலம் பஸ் டியூட்டி, ஆண்டு விழா வேலை. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் அவங்க வேலையை விட்டுட்டாங்க. காரணம் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு கேள்வி மட்டும் போகல: அவங்களுக்கு அழணும்னா எந்த ரூமுக்குப் போயிருப்பாங்க?

யோசிச்சுப் பாருங்க. கணக்கு டீச்சருக்குக் கஷ்டம்னா ஸ்டாஃப் ரூம்ல இன்னொரு கணக்கு டீச்சர் இருப்பாங்க. கவுன்சிலர் பெரும்பாலும் தனி ஆள். கேட்டதை ஸ்டாஃப் ரூம்லயும் சொல்லக் கூடாது, வீட்டுலயும் சொல்லக் கூடாது.

"அவங்க வேலையே அதுதானே, தாங்கிக்கணும்"னு சொல்றவங்களுக்கு ஒரு மெக்கானிக்கல் பையனோட பதில்: தாங்கக்கூடிய லோடுதான்னாலும், திரும்பத் திரும்ப விழுந்தா இரும்பே ஒருநாள் உடையும். அதுக்குப் பேர் ஃபெடீக்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை நோய்னு சொல்லாம, வேலையிடத்தால வர்ற நிலைன்னு வரையறுத்தது. அதுக்கு மூணு அடையாளம்: சக்தி தீர்ந்துபோறது, வேலை மேல ஒட்டுதல் விட்டுப்போறது, வேலைத்திறன் குறையறது. கவுன்சிலருக்கு அந்த ரெண்டாவது வந்தா, எதிர் நாற்காலியில இருக்கிற பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

100 மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கிற கல்வி நிறுவனங்கள்ல தகுதியான ஒரு கவுன்சிலரோ, சைக்காலஜிஸ்ட்டோ, சமூகப் பணியாளரோ வேணும்னு 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல விஷயம். ஆனா ஆளைப் போட்டா மட்டும் போதாது. அந்த ஆளுக்கும் ஆள் வேணும்.

பிரிட்டன்ல 1953-ல் ஆரம்பிச்ச சமாரிட்டன்ஸ் அமைப்புல, ஃபோன்ல மத்தவங்க கஷ்டத்தைக் கேட்கிற தன்னார்வலர் ஷிஃப்ட் முடிஞ்சதும் இன்னொருத்தர்கிட்ட மனசுவிட்டுப் பேசிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. நம்ம ஊர்லயும் முடியும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் ஸ்கூல் கவுன்சிலர்கள் மாசம் ரெண்டு தடவை ஒரு சீனியர் சைக்காலஜிஸ்ட் முன்னாடி, பேர் சொல்லாம கேஸ் பேசலாம். ஒரு ஹால், ஆளுக்கு ஒரு டீ, அந்த சைக்காலஜிஸ்ட்டுக்கு ஃபீஸ், அவ்வளவுதான் செலவு. கூடவே அந்த பஸ் டியூட்டியையும் எடுத்துடுங்க.

நம்ம பங்கும் இருக்கு. அந்த ரூமை "மெண்டல் ரூம்"னு கிண்டல் பண்றதை இன்னைக்கே நிறுத்தலாம். உங்க பழைய ஸ்கூல்ல ஒரு கவுன்சிலர் மிஸ் இருந்தா, இந்தப் பொங்கல் லீவுல போய்ப் பாருங்க. "நீங்க அன்னைக்குக் கேட்டீங்க, நான் இப்ப நல்லா இருக்கேன் மிஸ்"னு சொல்லுங்க. நான் சொல்ல நினைச்சப்போ அவங்க அங்க இல்ல.