விலை இறங்காத சந்தை எங்கும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசியுங்கள். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

"சேர், ஷெயார் மார்க்கட்டில் காசு போடலாமா?"

பெற்றோரும் பழைய மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி. "எதில் போடப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டால், பலரும் போனை எடுத்து ஓர் ஆப்பைக் காட்டுகிறார்கள். மாதம் நூற்றுக்குப் பத்து இலாபம். இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் அதற்கும் கமிஷன். அதற்குப் பெயர் பங்குச் சந்தை இல்லை. அசல் எது என்று தெரியாத இடத்தில்தான் போலி நன்றாக விலைபோகும். அதனால் முதலில் அசலைப் பார்ப்போம்.

ஒரு கம்பனியின் உடைமையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தால் ஒரு துண்டுதான் பங்கு. நூறு பங்கு வைத்திருந்தால் அந்த அளவுக்கு நீங்களும் அந்தக் கம்பனியின் சொந்தக்காரர். கம்பனி இலாபம் உழைத்து, அதைப் பகிரவும் தீர்மானித்தால் பங்கிலாபம் கிடைக்கும். உழைக்காவிட்டால் கிடைக்காது. "இத்தனை வீதம் கட்டாயம் தருவோம்" என்று எந்தக் கம்பனியும் தன் சாதாரண பங்குக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

இந்தப் பங்குகளை வாங்கி விற்கும் இடம் கொழும்பு பங்குப் பரிவர்த்தனை. நம் நாட்டில் பங்கு வியாபாரம் 1896 இலேயே தொடங்கிவிட்டது. தோட்டங்களுக்கு மூலதனம் திரட்டத்தான் அது வந்தது. இன்றுள்ள பரிவர்த்தனை நிலையம் 1985 இல் அமைந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை வியாபாரம் நடக்கும். நாம் நேரடியாகப் போய் வாங்க முடியாது. அனுமதி பெற்ற தரகர் நிறுவனம் ஒன்றின் ஊடாக, நம் பெயரில் ஒரு சீ.டீ.எஸ். கணக்குத் திறக்க வேண்டும். வாங்கும் பங்கு அந்தக் கணக்கில் நம் பெயரிலேயே பதிவாகும். வாங்கும்போது ஏறத்தாழ 1.12 வீதம் கட்டணம், விற்கும்போதும் அதே அளவு. ஆகவே, இன்று வாங்கி நாளை விற்றுப் பணக்காரராகலாம் என்ற கதைக்கு முதல் அடி இந்தக் கட்டணமே.

இனி, செய்தியில் தினமும் கேட்கும் சுட்டெண்.

பட்டியலில் இருக்கும் 280க்கும் அதிகமான கம்பனிகளின் விலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சந்தையின் நிலையைச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறார்கள். அதுதான் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண். 1985 இல் இருந்த விலை மட்டத்தை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இருபது பெரிய கம்பனிகளை மட்டும் எடுத்துக் கணக்கிடுவது எஸ் அன்ட் பி ஸ்ரீலங்கா 20. அது 2012 இல் வந்தது.

வகுப்பின் சராசரிப் புள்ளி போல என்று நினைக்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு. வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நிறை. சுட்டெண்ணில் பெரிய கம்பனிக்கு நிறை அதிகம். ஜோன் கீல்ஸ் பங்கு சற்று ஏறினாலே சுட்டெண்ணில் தெரியும். ஒரு சின்னக் கம்பனியின் பங்கு பாதியாக விழுந்தாலும் தெரியாமல் போகலாம். "இன்று சுட்டெண் உயர்ந்தது" என்றால் உங்கள் பங்கும் உயர்ந்தது என்று அர்த்தமில்லை.

உண்மையான சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். 2021 இறுதியில் சுட்டெண் 12,200 அளவில் இருந்தது. அடுத்த வருடம் நாடு எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றது நினைவிருக்கும். 2022 ஏப்ரலில் சந்தையே சில நாட்கள் மூடப்பட்டது. அந்த வருட இறுதியில் சுட்டெண் 8,500க்குச் சற்றுக் கீழே. சுட்டெண்ணின் அளவிலேயே பார்த்தால், போட்ட ஒரு இலட்சம் எழுபதாயிரத்துக்கும் குறைந்துவிட்டது. 2024 இறுதியில் 15,900ஐத் தாண்டியது. அதே ஒரு இலட்சம் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ஆனது.

மூன்று வருடத்தில் முப்பது வீதம், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 290 ரூபாவுக்குப் போனதும் அதே காலத்தில்தான். டொலரில் கணக்குப் பார்த்தால், பங்கிலாபத்தைச் சேர்க்காமல், அந்த மனிதர் 2024 இறுதியிலும் நட்டத்தில்தான் இருந்தார். "சுட்டெண் சாதனை" என்ற தலைப்பைக் கண்டதும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள். நாட்டின் பெரிய கம்பனிகள் எல்லாம் சேர்ந்தும் ஒரே வருடத்தில் முப்பது வீதம் விழுந்திருக்கின்றன. அந்த ஆப்பில் மட்டும் ஒரு மாதமாவது விலை இறங்கியிருக்கிறதா? இறங்கவில்லை என்றால் அங்கே வியாபாரமே நடக்கவில்லை. பின்னால் சேர்ந்தவரின் காசு முன்னால் சேர்ந்தவருக்கு "இலாபம்" என்ற பெயரில் போகிறது, அவ்வளவுதான். புதிதாகச் சேர ஆள் இல்லாத நாளில் ஆப் திறக்காது. 2023 இல் எம்.டி.எப்.ஈ. சரிந்தபோது நாடே இதைப் பார்த்தது. மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் பெயரை மாற்றிக்கொண்டு புதிது புதிதாக வருகின்றன. கொண்டுவருபவர் பெரும்பாலும் நம் சொந்தக்காரர், நம் ஜமாஅத்துக்காரர். "நானே எடுத்திருக்கேன் மச்சான்" என்ற ஒரு வார்த்தையில் மனைவியின் நகை போகிறது, மகளுக்குச் சேர்த்தது போகிறது. காசோடு உறவும் போகிறது.

"பங்கு என்றாலே சூது, ஹராம், பேச வேண்டாம்" என்று முடித்துவிடுபவர்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் பேணுதலை மதிக்கிறேன். சுட்டெண்ணுக்குள் சிகரெட் கம்பனியும் இருக்கிறது, பியர் கம்பனியும் இருக்கிறது, வட்டி வங்கிகளும் இருக்கின்றன. அதனால் எல்லாப் பங்கும் நமக்கு ஆகாது. கம்பனி என்ன தொழில் செய்கிறது, எவ்வளவு வட்டிக் கடனில் ஓடுகிறது என்று பார்த்து ஷரீஆ அடிப்படையில் வடிகட்டும் முறைகள் உலகமெங்கும் இருக்கின்றன. எது கூடும், எது கூடாது என்பதை இத்துறை தெரிந்த உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் பேச்சையே மூடிவிடாதீர்கள். நாம் விளக்காமல் விட்ட இடத்தில் "ஹலால் முதலீடு" என்று பெயர் ஒட்டிக்கொண்டு மோசடிக்காரன் வந்து விளக்குகிறான்.

11ஆம் தரக் கணிதப் புத்தகத்தில் பங்குச் சந்தை என்றே ஒரு பாடம் இருக்கிறது. பங்கிலாபம், மூலதன இலாபம் எல்லாம் பிள்ளைகள் பிழையில்லாமல் கணக்குச் செய்கிறார்கள். அதே பிள்ளை இருபது வயதில் ஆப்பில் காசைக் கொட்டுகிறது என்றால் நாம் படிப்பித்தது புள்ளிக்கு மட்டும்தான். பாடசாலையிலும் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலும் அரை மணித்தியாலம் ஒதுக்கி இதைப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

யாராவது முதலீடு என்று வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. தரகர், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற நிறுவனமா?

2. என் பெயரில் சீ.டீ.எஸ். கணக்கு இருக்கிறதா?

3. காசு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, ஒரு தனி ஆளின் கணக்குக்கா?

4. நட்டம் வந்தால் என்ன ஆகும்?

நான்காவது கேள்விக்கு "நட்டமே வராது" என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

யாரையும் பங்கு வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. கடன் வாங்கிய காசையும், அடுத்த மாதம் தேவைப்படும் காசையும் எந்தச் சந்தையிலும் போடாதீர்கள். வியர்வை சிந்தி உழைத்த காசு எங்கே போகிறது என்று தெரிந்து போடுங்கள்.

பிரயோசனம் என்று பட்டால் குடும்ப வட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவருடைய உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.