அடுப்பு எரியும் தொல்லூர்

1964-இல் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர்களும் தொன்மைப் பாதுகாப்பாளர்களும் ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டார்கள். அகழ்ந்தெடுத்த இடிபாட்டின்மேல் புதிதாகக் கட்டி எழுப்பும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டும் என்கிறது அதன் பதினைந்தாம் பிரிவு. சிதறிக் கிடக்கும் பழைய துண்டுகளை அவற்றுக்குரிய இடத்தில் பொருத்தி நிறுத்தலாம். அதற்கு மேல் கூடாது. தொல்லியலாளர் பலருக்கு இது இன்றும் வேதவாக்கு. ஆஸ்திரியாவின் கார்நுந்தும் திறந்தவெளித் தொல்லியல் பூங்கா அதை மீறி நிற்கிறது. மீறியது சரி என்பதே நம் கட்சி. அந்தச் சரி எந்த எல்லை வரைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வியன்னாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், தன்யூப் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது கார்நுந்தும். ரோமப் பேரரசுக்கு அந்த ஆறுதான் வட எல்லை. கி.பி. 6-இல் ரோமத் தளபதி திபேரியுஸ் மார்கோமன்னியர் என்ற ஜெர்மானியக் குடியினர்மீது படையெடுக்கத் தேர்ந்த இடம் இது. முதல் நூற்றாண்டின் நடுவில் ரோமப் படையின் 15-ஆம் லெகியோன் இங்கே நிலையான முகாம் அமைத்தது. முகாமைச் சுற்றிக் கடைகாரரும் கைவினைஞரும் குடியேற, ஊர் நகரமாகி, மேல் பன்னோனியா மாகாணத்தின் தலைநகரும் ஆயிற்று. 193-இல் செப்டிமியுஸ் செவெருஸைப் படையினர் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான். 375-இல் பேரரசர் வாலன்டினியன் வந்தபோது ஊர் பாழடைந்து அழுக்கேறிக் கிடந்ததாக வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதுகிறார். பிறகு வந்த தலைமுறைகள் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயின. எஞ்சியதன்மேல் ஏர் ஓடியது. மேற்கே இருந்த விந்தோபோனா முகாமின்மேல் வியன்னாவே எழுந்துவிட்டது. கார்நுந்தத்தின்மேல் எந்தப் பெருநகரமும் எழவில்லை. அது தப்பிப் பிழைத்த காரணம் அவ்வளவுதான்.

பெட்ரோனெல் சிற்றூரில் அந்த நகரத்தின் ஒரு குடியிருப்புப் பகுதியை, நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் எப்படி இருந்திருக்குமோ அப்படி, அதே இடத்தில் அதே தரைப்படத்தின்மேல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அவற்றில் லூசியஸின் வீடு எனப்படுவது 2006-இல் திறக்கப்பட்டது. செல்வர் மாளிகை ஒன்றும் பொதுக் குளியலகமும் 2011-இல். ரோமர் காலக் கருவிகளைப் பார்த்துச் செய்த கருவிகள், சுண்ணாம்புக் காரை, கையால் செதுக்கிய உத்திரங்கள் என்று வேலை நடந்திருக்கிறது. உள்ளே போனால் சுவர்களில் வண்ணம் இருக்கிறது. அடுக்களையில் மேடையடுப்பும் சாடிகளும் இருக்கின்றன. வெள்ளைப் பளிங்கும் தலையற்ற சிலையுமாகப் புத்தகங்களில் பார்த்துப் பழகிய ரோமை அங்கே தேடினால் கிடைக்காது. சிவப்பும் மஞ்சளும் பூசிய, ஓடு வேய்ந்த, சமையல் வாசம் ஏறக்கூடிய வீடுகள்தான் இருக்கின்றன.

குளியலகத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். தரை நிலத்தில் படியவில்லை. செங்கல் அடுக்கிய குட்டைத் தூண்களின்மேல் நிற்கிறது. சுவருக்குள் உட்குடைவான ஓட்டுக்குழாய்கள் செங்குத்தாக ஏறுகின்றன. வெளிப்புறம் ஓர் அடுப்புவாய். அங்கே எரியும் விறகின் சூடு தரைக்கடியில் பரவி, சுவர் வழியே ஏறிக் கூரைப் பக்கம் வெளியேறுகிறது. அடுப்பை ஒட்டிய அறையில் வெந்நீர்த் தொட்டி, அடுத்ததில் இளஞ்சூடு, கடைசியில் குளிர்நீர். இத்தனையையும் பள்ளிப் பாடநூல் படமே சொல்லிவிடும். படம் சொல்லாதது நேரத்தை. கல்லும் காரையும் சூட்டை மெல்லத்தான் வாங்குகின்றன. ஒருமுறை ஆற விட்டால் மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. எனவே குளிர்காலம் முழுக்க நெருப்பு அணையக் கூடாது. எத்தனை விறகு, எந்தக் காட்டிலிருந்து, யார் வெட்டி, யார் சுமந்து என்ற கேள்விகள் உண்மையான அடுப்பை மூட்டிய பிறகே தொல்லியலாளர்முன் வந்து நிற்கின்றன. புகை எங்கே தேங்குகிறது, காரை எந்த இடத்தில் விரிகிறது, கதவு எப்பக்கம் திறந்தால் சூடு தங்கும் என்பதெல்லாம் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிய வந்த அறிவு. இடுப்பளவு இடிசுவர் இதைக் கற்பித்திருக்காது. வெனிஸ் ஆவணத்தைத் தாண்டியதற்கு நாம் ஏற்கும் நியாயம் இதுவே.

நம் வருத்தமும் இதே அடுப்பங்கரையில்தான் தொடங்குகிறது. வருபவர்களின் கால்கள் வண்ணச் சுவரையும் விருந்து மண்டபத்தையும் நோக்கிப் போகின்றன. வீட்டுக்காரர் சாய்ந்து உண்ட கட்டிலில் தன்னை வைத்துப் பார்ப்பது எளிது. அடுப்புவாயில் குனிந்து விறகு தள்ளிய அடிமையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க யாரும் விரும்புவதில்லை. அந்த மனிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். ஆற்றுக்கு வடக்கே நடந்த போர்களில் பிடிபட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். மறுபடி கட்டிய வீடு அதன் உரிமையாளரின் பார்வையைத்தான் முதலில் தருகிறது. இதைப் பூங்கா வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வழிகாட்டிகளின் சொற்பொழிவு அடுப்புவாயிலிருந்தே தொடங்க வேண்டும்.

இன்னொன்று. சுவரின் அடிவரிசைக்கு நிலத்தில் கிடைத்த சான்று உறுதி. மேற்சுவருக்கும் கூரைக்கும் பிற ரோம நகரங்களின் எச்சங்களையும் கட்டடப் பொறியியலையும் வைத்துச் செய்த ஊகமே துணை. தேர்ந்த ஊகம்தான், சந்தேகமில்லை. ஆனால் எல்லாம் ஒரே பூச்சில் முடிந்திருக்கையில், எங்கே அறிவு நிற்கிறது, எங்கே கற்பனை கைகொடுக்கிறது என்று ஒரு சிறுவன் எப்படிக் கண்டுகொள்வான்?

அதற்கான விடையும் கார்நுந்தத்திலேயே இருக்கிறது. வயல்வெளியில் தனியாக நிற்கும் ஹைடன்டோர் என்ற வளைவு, நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டியுஸ் இரண்டாமன் காலத்தில் எழுந்த வெற்றிச் சின்னம். நான்கு தூண்களில் இரண்டுதான் உயரமாக எஞ்சியிருக்கின்றன. அதன்மேல் ஒரு புதுக்கல்லும் ஏற்றவில்லை. எதிரே ஒளிபுகும் தகடு ஒன்றில் முழு வடிவத்தின் கோட்டோவியம் வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள். உரிய இடத்தில் நின்று பார்த்தால் கோடுகள் இடிந்த கல்லோடு பொருந்தி, மற்ற இரண்டு தூண்களும் கூரையும் கண்முன் கூடுகின்றன. ஓரடி நகர்ந்தால் கலைகின்றன. ஊகத்தை ஊகமாகவே காட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அடுப்பு எரிய வேண்டிய இடத்தில் வீட்டைக் கட்டலாம். பெருமைக்காக எழுந்த சின்னத்துக்குக் கோடு போதும். இரண்டையும் ஒரே ஊரில் செய்து காட்டியிருப்பது பெரிய காரியம்.

மூன்றாவதாக ஒன்றும் அங்கே செய்திருக்கிறார்கள்: தொடாமல் விட்டது. நகர அரங்கத்துக்கு அருகில், வயலுக்கடியில், கிளாடியேட்டர்களுக்கான பயிற்சிப் பள்ளி இருப்பதைத் தரை ஊடுருவும் ராடாரால் கண்டறிந்து 2011-இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு மண்வெட்டியும் படாமல் வரைபடம் கிடைத்தது. சுமார் 2,800 சதுர மீட்டர் கட்டடம். நடுவே வட்டமான பயிற்சிக் களம். களத்தின் மையத்தில் வாள் வீசிப் பழக நட்ட கம்பத்தின் தடம். ஓரமாக ஆள் படுக்கும் அளவேயான அறைகள். சூடேற்றும் வசதி கொண்ட ஒரு கூடம். இது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதே நூற்றாண்டில்தான் பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுஸ் போர் நடத்த வந்து இங்கே தங்கினார். அவருடைய தியானக் குறிப்புகளில் ஒரு பகுதி கார்நுந்தத்தில் எழுதியது என்று அந்நூலிலேயே குறிப்பு இருக்கிறது. மனத்தை அடக்கியாள்வதைப் பற்றி அரசர் எழுதிய ஊரில், அந்தச் சிற்றறைகளும் இருந்தன. ரோமை நாகரிகத்தின் தாய்வீடு என்று மட்டும் வியப்பவர்களும், கொடுமையின் கூடாரம் என்று மட்டும் தள்ளுபவர்களும் இந்த வயலோரம் சிறிது நேரம் நிற்பது நல்லது. பள்ளியை அவசரமாகத் தோண்டாதது மிகச் சரி. தோண்டுவது என்பது அழிப்பதும்கூட. நாளைய கருவிகளுக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும். ஆழ உழும் டிராக்டரும் உலோகங்காட்டியோடு இரவில் வரும் திருடர்களும் அதுவரை விட்டுவைத்தால் சரி.

அருகிலுள்ள பாட் டாய்ச்-ஆல்டன்புர்க் ஊரில், 1904-இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் திறந்துவைத்த கார்நுந்தினும் அருங்காட்சியகத்தில் ஒரு பலிபீடக் கல்லைத் தவறாமல் பார்க்க வேண்டும். 308-இல் முன்னாள் பேரரசர்கள் தியோக்ளேசியன், மாக்சிமியன், ஆட்சியிலிருந்த கலேரியுஸ் ஆகிய மூவரும் இங்கே கூடி, சிதைந்துகொண்டிருந்த பேரரசர்களின் கூட்டாட்சியை ஒட்டவைக்க முயன்றபோது மித்ரா கோயிலைப் புதுப்பித்து நிறுவிய கல் அது. ஒட்டவைத்தது நிலைக்கவில்லை, கல் நிலைத்திருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே தனியாக ஓர் அக்கறை உண்டு. மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றின் 37-ஆம் நூலில் பால்டிக் கடற்கரையின் அம்பர், கார்நுந்தத்திலிருந்து ஏறத்தாழ 600 மைல் தொலைவில் கிடைப்பதாக எழுதுகிறார். அதே பிளினி 6-ஆம் நூலில் முசிறியைப் பற்றி எழுதுகிறார். கடற்கொள்ளையர் அருகில் இருப்பதால் அங்கே இறங்குவது உகந்ததல்ல என்கிறார். ஒரே எழுத்தாளரின் உலகப் படத்தில் இரண்டும் ஊர்கள். சேரநாட்டுத் துறையின் மிளகு எகிப்து வழியாகப் பேரரசுக்குள் பரவி வடக்கெல்லைப் படைமுகாம்கள் வரை போயிற்று. ஜெர்மனியின் ஓபராடன் முகாமில் மிளகு மணிகளே கிடைத்திருக்கின்றன. ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரி என்று விலையையும் பிளினி குறித்திருக்கிறார்.

இந்த வணிகத்துக்குக் கிடைத்த மிக அரிய சான்று, ஹெர்மபோல்லோன் என்ற கப்பலின் சரக்கைப் பட்டியலிடும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ். முசிறிக் கடன் ஒப்பந்தம் அதில் பேசப்படுகிறது. செங்கடலிலிருந்து ஒட்டகத்தில் கோப்டோஸ், அங்கிருந்து நைல் வழியே அலெக்சாண்டிரியா, சரக்கில் கால்பங்கு வரி என்று எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. கங்கைச் சடாமாஞ்சிலும் யானைத்தந்தமும் பட்டியலில் உண்டு. 1985-இல் முதன்முதலாகப் பதிப்பிக்கப்பட்ட அந்த ஏடு இருப்பது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில். கார்நுந்தத்தின் அடுக்களையில் அதன் நகல் ஒன்றையும், முசிறியிலிருந்து தன்யூப் வரையான பாதையைக் காட்டும் படம் ஒன்றையும் வைக்கும்படி பூங்காவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.