முட்டுக்கட்டை எங்கே?

மாத்தளையிலிருந்து வடக்கே ஏ-9 வீதியில் சிறிது தூரம் சென்றால் பலாபத்வல. தம்புள்ளைக்கும் அதற்கப்பால் யாழ்ப்பாணத்துக்கும் போகிறவர்கள், வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே கடந்து போய்விடும் ஊர். அண்மையில் தேநீர் அருந்துவதற்காக அங்கே இறங்கினேன். அந்த அரை மணி நேரத்தில் கண்டதுதான் இந்தப் பத்தியை எழுத வைத்தது.

ஒரு கடையின் முன்னால் லொறி நின்றது. லொறித் தட்டிலிருந்து தரைக்கு ஒரு பலகை. அதன் வழியே அறுபதை நெருங்கும் ஒருவர், இரண்டு சில்லுக் கைவண்டியில் நான்கு மிளகு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிக்கொண்டிருந்தார். சுமை மேலே, மனிதர் கீழே. பின்புறமாக அடியெடுத்து வைத்து இறங்கினார். காலில் றப்பர் செருப்பு. பலகையின் நடுவில் ஒரு சில்லு விளிம்பைத் தாண்டியது. வண்டி சரிந்தது. நல்ல வேளை, மனிதர் ஒதுங்கிக்கொண்டார். ஒரு மூட்டை கிழிந்து மிளகு வீதியெங்கும் உருண்டது.

கடைக்காரர் ஓடி வந்தார். முதலில் மூட்டையைத்தான் பார்த்தார். பிறகு, கவனமாக இறக்கக்கூடாதா என்று கடிந்துகொண்டார். அந்த முதியவரும் தலையைக் குனிந்து, தன் கவனக்குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார்!

கவனக்குறைவு என்ற இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு. செய்தி அறையில் இருந்த காலத்தில், தொழிலிடத்து விபத்து என்றாலே இரண்டு வரிச் செய்தி. அதில் இந்தச் சொல் தவறாமல் இருக்கும். நானும் எழுதியிருக்கிறேன். யாருடைய கவனம் குறைந்தது என்று கேட்டு எழுதியதாக நினைவில்லை.

பலாபத்வலவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கைவண்டியைச் சரிவில் கொண்டுசெல்வதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது: சுமை எப்போதும் மனிதனுக்குக் கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். இறங்கும்போது வண்டி முன்னால், ஏறும்போது வண்டி பின்னால். கை நழுவினாலும் சுமை ஆள்மீது வராது. கனமான மூட்டை அடியில், சில்லின் அச்சுக்கு அண்மையில் இருக்க வேண்டும். அடுக்கு கண்ணை மறைக்கக்கூடாது. இவ்வளவுதான் பாடம், ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லையாம். சொல்லிக் கொடுத்திருந்தாலும் இடுங்கிய அந்தப் பலகை அகன்றிருக்காது, மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கும் மாறியிருக்காது. இரண்டிரண்டாக இறக்கினால் நடை இரட்டிப்பாகும். லொறிச் சாரதி காத்திருக்க மாட்டார். அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் நான்காக அடுக்கியது அறியாமையினால் மட்டுமல்ல.

வண்டி இருக்கும்போது பாரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியாவின் தொழில் பாதுகாப்பு அதிகார அமைப்பு தரும் கணக்கைப் பாருங்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டியில், சமதளமான உறுதியான தரையில் 400 கிலோவை நகர்த்துவதற்குச் சுமார் 8 கிலோ விசை போதும். மேடுபள்ளமான தரையென்றால் அது 40 கிலோ வரை உயரலாம். 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவில், எல்லாம் சீராக இருந்தாலும் 30 கிலோவுக்கு மேல் வேண்டும். அதே மனிதன், அதே சுமை, அதே கவனம்! மாறியது தரையும் சில்லும்தான். தரையைச் செப்பனிடுவதும் சில்லுக்கு எண்ணெய் விடச் செய்வதும் யார் கையில் இருக்கின்றன?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே சுமை பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உடன் வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடையை 55 கிலோ என்ற அளவில் வைத்தது. நல்லது. ஆனால் அதில் சுமத்தல் என்பதற்குத் தரப்பட்ட பொருள், முழுப் பாரத்தையும் ஒருவரே தாங்குவது. மூட்டை தோளிலிருந்து இறங்கிச் சில்லின்மேல் ஏறியவுடன் அந்த 55 விடைபெற்றுவிடுகிறது. வண்டிக்கு எண் கிடையாது. சில்லு தாங்கும் வரை ஏற்றலாம் என்றாகிவிடுகிறது. தோளுக்கு ஆறுதலாக வந்த வண்டி, முதுகுக்கும் முழங்காலுக்கும் வேறு கணக்கை எழுதத் தொடங்கியது இப்படித்தான்.

தமிழகத்தில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்பவர். கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை சுமப்பவர், கரத்தை இழுப்பவர். அவர்களில் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம் 1942இல் வந்தது. தொழில்சார் பாதுகாப்புக்கென ஒரு தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நட்டஈடு கேட்க வேண்டுமானால் முதலில் முதலாளி யாரென்று காட்ட வேண்டும். காலையில் ஒரு கடைக்கும் மாலையில் ஒரு லொறிக்கும் மூட்டை இறக்குபவர் யாரைக் காட்டுவார்? கடைக்காரர் லொறியைக் காட்டுவார், லொறிக்காரர் கடையைக் காட்டுவார்.

இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது என்பதில்லை. மகாராஷ்டிரத்தில் மாத்தாடிகள் எனப்படும் சுமைதூக்கிகளுக்காக 1969இல் ஒரு சட்டம் வந்தது. அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. வணிகரும் தொழிலாளரும் ஒரு வாரியத்தில் பதிவு செய்துகொள்வர்; கூலி வாரியத்தின் வழியே வரும்; கூலிக்கு மேல் வணிகர் செலுத்தும் தொகை சேமநிதிக்கும் பிற நலன்களுக்கும் போகும். முதலாளி யாரென்று தேடும் வேலை அங்கே வெகுவாகக் குறைந்தது. அந்த வாரியங்களைப் பற்றியும் முறைப்பாடுகள் உண்டு, மறுக்கவில்லை. தம்புள்ளையில் 1999 முதல் இயங்கும் பொருளாதார மத்திய நிலையம் போன்ற, எல்லைக்குட்பட்ட ஒரு சந்தையிலாவது இதை முயன்று பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வடம் பிடிக்க எத்தனை பேர் வந்தாலும், சில்லுக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் தேர் நகராது. தேர் தவறினால் வடம் பிடித்தவனின் கவனக்குறைவு என்று நாம் சொல்வதில்லை.

பேருந்து வந்துவிட்டது. ஏறுமுன் திரும்பிப் பார்த்தேன். சிதறிய மிளகைக் கூட்டி அள்ளிவிட்டார்கள். அதே பலகை, அதே வண்டி. முதியவர் மூன்று மூட்டைகளை அடுக்கிவிட்டுச் சற்று நின்றார். பிறகு நான்காவதையும் எடுத்து வைத்தார்.